சுண்டக் காய்ச்சிய தண்ணீர்

"ஏட்டி ரேணுகா, துணியைத் துவைச்சியா, இல்ல நனைச்சு மட்டும் போட்டியா?"

கொடியில் காய்ந்த குழந்தைத் துணி ஒன்றை விரித்துப் பார்த்துக்கொண்டே பாண்டியம்மாள் கேட்டாள். வெள்ளைத் துணியில் அங்கங்கே கருப்பும் பழுப்புமாகப் புள்ளிகள் விழுந்திருந்தன.

ரேணுகாதேவி மாமியார் கையிலிருந்து துணியை வாங்கிப் பார்த்தாள். கை எரிய எரியக் கும்மிய துணி அது. முந்தின நாள் ப்ளீச்சிங் பவுடர் கரைத்து ஊறவும் போட்டிருந்தாள். புள்ளி வெளுப்பதற்குப் பதிலாக இன்னும் கருத்துவிட்டது. அதைப் பார்த்ததிலிருந்து அவளுக்கு மனசு சரியில்லை.

அவள் புதியம்புத்தூர்க்காரி. அப்பாவுக்கு அங்கே ரெடிமேட் யூனிட். பி.காம். முடித்த பிறகு கல்யாணம் வரைக்கும் செக்கிங் மேசையில் உட்கார்ந்திருந்தவள் அவள்தான். ஒரு வருஷம் யூனிட்டில் புதிதாக போர் போட்டார்கள். அந்தத் தண்ணீரில் அலசிய வெள்ளை யூனிஃபார்ம் சட்டைகளில் இதே மாதிரி புள்ளி வந்தது. அப்பா பதறிப்போய் ப்ளீச் ஊற்றினார். சட்டைகள் மொத்தமும் கருத்துப்போயின. திருப்பூரிலிருந்து வந்த சாயக்காரர் பார்த்துவிட்டுச் சிரித்தார். "உங்க தண்ணியில மாங்கனீசு இருக்குங்க. சும்மா இருக்கும்போது கண்ணுக்குத் தெரியாது. ப்ளீச் பட்டா கருத்துக்கிட்டு வெளிய வரும்."

சட்டைக்குக் கேடு என்பதோடு அன்று அந்தப் பேச்சு முடிந்துபோனது. இன்று அதே மாதிரித் தண்ணீரைத்தான் அவள் குழந்தை குடிக்கிறது.

பாப்பாவுக்கு மூன்று மாதம் முடிந்த சமயத்தில் ரேணுகா டைபாய்டு வந்து படுத்துவிட்டாள். எழுந்தபோது பால் வற்றியிருந்தது. அதிலிருந்து டப்பா மாவுப் பால்தான். மாவு கொஞ்சம், மற்றதெல்லாம் தண்ணீர். புகுந்த வீட்டுக் கிணற்றுத் தண்ணீர்.

ஊத்துப்பாறையில் அந்தக் கிணற்றுக்கு இருந்த பெயர் கோவிலுக்குக்கூட இல்லை. கயத்தாறிலிருந்து கடம்பூர் போகும் வழியில் உள்ளே தள்ளி இருக்கிற ஊர். சுற்றிலும் எந்தக் கிணற்றில் வாளி விட்டாலும் உப்பு. கண்மாய்க் கரைக்குக் கீழே இருந்த இந்த ஒரு கிணறு மட்டும் இனிக்கும். அவள் மாமனார் கருத்தையாவின் தாத்தா வெட்டியது. "நல்ல தண்ணிக் கிணத்து வீடு" என்றால்தான் பஸ் கண்டக்டருக்கே தெரியும். அந்தத் தெருவும் மேலத் தெருவும் அங்கே வந்துதான் குடிக்கத் தண்ணீர் எடுக்கும். தாமிரபரணிக் குழாய்த் தண்ணீரும் ஊருக்கு வந்தது. மருந்து நாற்றம் அடிக்கிறதென்று அதை மாட்டுக்கும் பாத்திரத்துக்கும் ஒதுக்கிவிட்டார்கள்.

அந்த வீட்டுக்கு ஒரு வழக்கம் உண்டு. நிச்சயதார்த்தத்துக்குப் போகும்போது தாம்பூலத் தட்டுகளோடு ஒரு சில்வர் குடத்தில் இந்தத் தண்ணீரும் போகும். வீட்டின் மூத்த மருமகள் குடத்தைக் கொண்டுபோய்ப் பெண்ணுக்கு ஒரு டம்ளர் ஊற்றிக் கொடுப்பாள். பெண் குடித்த பிறகுதான் தட்டு மாற்றுவார்கள். ரேணுகாவும் அப்படிக் குடித்தவள்தான். புதியம்புத்தூர் உப்புத் தண்ணீரில் வளர்ந்த நாக்குக்கு அது இளநீர் மாதிரி இருந்தது. கூட்டத்துக்கு அந்தப் பக்கம் நின்ற ஜெயபாண்டி, 'இனிக்குதா?' என்று உதட்டை மட்டும் அசைத்துக் கேட்டான். அவள் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பை போட்டோக்காரர் பிடித்துவிட்டார். இன்றைக்கும் அந்தப் படம் பெட்ரூம் சுவரில் தொங்குகிறது.

பாப்பாவுக்கு ஊசி போடக் கோவில்பட்டிக்குப் போனபோது ரேணுகா ஒரு பாட்டிலில் கிணற்றுத் தண்ணீரை எடுத்துப்போய் ஒரு லேபில் கொடுத்தாள். ஒரு வாரம் கழித்து ஜெயபாண்டியோடு போய் முடிவை வாங்கினாள். லேப் பெண் பொறுமையாக விளக்கினாள். கண்மாய்த் தண்ணீர் ஊறி வருவதால்தான் அந்தக் கிணற்றில் உப்பு இல்லை. ஆனால் கண்மாயின் அடிச்சேற்றில் காற்றே புகாது. அதன் வழியாக வருகிற தண்ணீர் பாறையிலும் மண்ணிலும் இருக்கிற மாங்கனீசைக் கரைத்துக்கொண்டு வருகிறது. இருக்கலாம் என்று சொல்லப்பட்ட உச்ச அளவைவிடப் பல மடங்கு இருந்தது. பெரியவர்களும் அதைக் குடிக்காமல் இருப்பதே நல்லது. பாட்டில் பால் குடிக்கும் குழந்தைக்குக் கொடுக்கவே கூடாது. குழந்தை டாக்டரும் அதையே சொன்னார். "பாப்பா நல்லா இருக்கா. பயப்பட வேண்டாம். ஆனா மூளை வளர்ற வயசு. இன்னையோட நிறுத்துங்க."

அன்றைக்கு மத்தியானச் சாப்பாட்டில் அவள் வீட்டில் சொன்னாள்.

"மாமா, நம்ம கிணத்துத் தண்ணியில மாங்கனீசு ரொம்பக் கூட இருக்காம். மூளை வளர்ற வயசாம், பாப்பாவுக்குக் குடுக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாவ."

கருத்தையா ரசத்தைப் பிசைந்துகொண்டே நிமிர்ந்தார். "என்ன கூட இருக்கு?"

"மாங்கனீசு. இரும்பு மாதிரி ஒரு உலோகம்."

"எவன் கொண்டாந்து கொட்டுனான்?"

"யாரும் கொட்டல மாமா. அதுவா பூமிக்குள்ள இருக்கது. தண்ணியில கரைஞ்சு வருது."

"அப்ப சரி. பூமியில இருக்கது மனுசனுக்குக் கெடுதல் செய்யுமாக்கும்!"

"பாத்திரத்துல எல்லாம் கருப்பா ஒட்டுதே மாமா, துணியில..."

"கரிசக்காட்டுல கருப்பு ஒட்டாம சிவப்பா ஒட்டும்?" அவர் சத்தமாகச் சிரித்தார். "என் வேட்டியைப் பாரு, என் காலைப் பாரு. எல்லாம் நம்ம மண்ணு தாயி. நான் குடிச்சேன், எங்க அய்யா குடிச்சாரு. எனக்கு என்ன மூளை கெட்டுப்போச்சு?"

அந்தக் கேள்விக்கு அவள் நாக்கு நுனியில் ஒரு பதில் வந்தது. விழுங்கிக்கொண்டாள்.

"நீங்க பால்குடியில அம்மைப் பால் குடிச்சிருப்பீங்க மாமா. பாப்பா வயித்துக்குப் போறது அத்தனையும் இந்தத் தண்ணிதான்."

அவர் சிரிப்பு நின்றது. மருமகள் எதிர்த்துப் பேசிவிட்டாள் என்ற கோபத்தில் மகனைப் பார்த்தார். ஜெயபாண்டி கயத்தாறில் உரக்கடை வைத்திருந்தான். விவசாயப் பட்டம் வாங்கியவன். இந்த விஷயத்தில் அவன் சொல்லுக்கு வீட்டில் மதிப்பு உண்டு.

"ரேணு, மாங்கனீசு ஒரு சத்துதான்" என்றான் அவன் மெதுவாக. "மக்காச்சோளம் வெளுத்துப்போச்சுன்னு வாரவங்களுக்கு நானே மாங்கனீசு சல்பேட்டுதான் குடுக்கேன்."

"அந்தப் பாக்கெட்டுல என்ன போட்டிருக்கு?"

"என்ன போட்டிருக்கு?"

"குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைக்கவும்னு போட்டிருக்கா, இல்லையா?"

அவன் தட்டைப் பார்த்தான். அவன் தம்பி விஜயராஜ் புரையேறி இருமினான். சிரிப்பை அடக்கினானோ என்னவோ.

கருத்தையா கையைக் கழுவிக்கொண்டு வந்து தீர்ப்புச் சொன்னார். "விஜயராஜ் நிச்சயத்துக்குக் கடம்பூர் போகணும். அந்தக் குடத்தைத் தூக்கிட்டுப் போகப்போறவ நீ. அது முடியிற வரைக்கும் இந்தப் பேச்சு நம்ம வாசலைத் தாண்டக் கூடாது. தாண்டுச்சு, நான் மனுசனா இருக்க மாட்டேன்."

சாயங்காலம் கடையிலிருந்து வந்ததும் ஜெயபாண்டி அவளை மாடிக்குக் கூப்பிட்டான். பாப்பாவைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே பேசினான்.

"அப்பாவைப் பத்தி ஒனக்குத் தெரியும்லா. நான் பாப்பாவுக்குக் கேன் தண்ணி வாங்கிப் போடுதேன். நாளையில இருந்து ஒரு சொட்டு கிணத்துத் தண்ணி அவளுக்குப் போகாது. சரிதானா?"

"தெருவுல உள்ளவங்களுக்கு?"

"நிச்சயம் முடியட்டும். நானே சொல்லுதேன்."

"எதுத்த வீட்டு இசக்கியம்மா சித்தி மக பேறுகாலத்துக்கு வந்திருக்கா."

"ரேணு. நிச்சயம் முடியட்டும்."

பாப்பா அவன் சட்டைக் காலரைச் சப்பிக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்ததும் ரேணுகா விட்டுக்கொடுத்துவிட்டாள். அவனை நம்பினாள். நம்புவதற்கு அவனிடம் நிறைய காரணங்கள் இருந்தன. டைபாய்டில் கிடந்தபோது கடையைப் பூட்டிவிட்டு அவள் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தவன் அவன்.

கேன் தண்ணீர் வந்தது. அடுப்படி மூலையில் நீலக் கேன் உட்கார்ந்தது. ரேணுகா பார்க்கப் பார்க்க அளவு குறைந்தது, புதுசு வந்தது. பாட்டில் கலக்குவது பாண்டியம்மாளின் வேலை. ரேணுகா படுத்திருந்த நாளில் ஏற்றுக்கொண்ட வேலை, அதை அவள் விடவே இல்லை. பேத்திக்குக் கலக்கும்போது தலையை முடிந்து, கையை முழங்கை வரை கழுவிக்கொண்டுதான் உட்காருவாள். அதில் ரேணுகாவுக்கு ஒரு குறையும் சொல்லத் தோன்றியதில்லை.

தினமும் காலையில் இசக்கியம்மாள் குடத்தோடு வருவாள். ஜெயபாண்டி கடைக்குக் கிளம்புகிற நேரம். அவன் குடத்தை ஒரு கையால் தூக்கி அவள் இடுப்பில் வைத்துவிட்டுத்தான் பைக்கை எடுப்பான்.

"நல்லா இருப்பலே பாண்டி" என்பாள் அவள். "எம் மவளுக்கு இந்தத் தண்ணி இல்லாட்டி சோறே இறங்க மாட்டேங்கு."

ஜன்னல் வழியாக ரேணுகா பார்ப்பாள். ஒரு நாள் அவளால் பொறுக்க முடியவில்லை. "சித்தி, குழாய்த் தண்ணி பிடிச்சுக் குடுங்களேன், அதுவும் நல்லதுதான்" என்றாள். இசக்கியம்மாள் முகம் சுருங்கிவிட்டது. "ஏன் தாயி, கிணறு வத்திரும்னு பயமா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். மறுநாள் குடத்தைச் சின்னதாகக் கொண்டுவந்தாள். ரேணுகாவுக்கு அவமானத்தில் காது சூடேறியது. அதை யார்மேல் காட்டுவதென்று தெரியாமல் அடுப்படியில் பாத்திரங்களைப் போட்டு உருட்டினாள்.

நிச்சயதார்த்தத்து அன்று காலையில் வாசலில் வேன் நின்றது. தட்டுகள் ஏறிக்கொண்டிருந்தன. மஞ்சளும் குங்குமமும் வைத்த சில்வர் குடம் நடுவீட்டில் தயாராக இருந்தது. வழிக்குப் பாப்பாவுக்கு வேண்டிய வெந்நீரைப் பிளாஸ்கில் எடுக்க ரேணுகா அடுப்படிக்குப் போனாள்.

பாண்டியம்மாள் அதற்குள் பிளாஸ்கில் ஊற்றிக்கொண்டிருந்தாள். பித்தளைப் பானையிலிருந்து. பானையின் உள்பக்கம் பாதிவரை கரி பூசினாற்போல் ஒரு வளையம். ஓம வாசனை அடித்தது.

"அத்தை, இது எந்தத் தண்ணி?"

"பாப்பாவுக்குத்தான்."

"எந்தத் தண்ணின்னு கேட்டேன்."

"நம்ம தண்ணிதான், வேற எந்தத் தண்ணி?" பாண்டியம்மாள் மூடியைத் திருகினாள். "அந்தப் பிளாஸ்டிக் கேன் எந்த லாரியில எத்தனை வெயில்ல கிடந்ததோ. அதைப் போய் பச்சப் பிள்ளைக்குக் குடுப்பாங்களா? சளி பிடிச்சுக்கிட்டா? நான் நம்ம தண்ணியை ஓமம் போட்டுப் பாதியாச் சுண்டக் காய்ச்சிக் குடுக்கேன். நீ சொன்னதும் பயந்துதான் போனேன். அதான் இன்னும் கூடச் சுண்ட வைக்கேன். அதுல என்ன கெடுதல் கிடந்தாலும் செத்துப்போகும்லா."

"கேன் தண்ணி?"

"முருங்கைக்கு ஊத்துதேன்."

"எப்ப இருந்து?"

"வாங்குன நாள்ல இருந்து." மாமியார் குரலில் ஒளிவு மறைவே இல்லை. "பாண்டிக்குத் தெரியுமே. ஒன்கிட்ட சொல்லலையா?"

"என்னங்க!"

அந்தக் கூப்பாட்டில் வாசலில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். ஜெயபாண்டி பட்டு வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தான். அடுப்படியையும் பானையையும் பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது என்பது அவளுக்கும் புரிந்தது.

"உங்களுக்குத் தெரியுமா?"

"ரேணு, மெதுவாப் பேசு. ஆளுங்க நிக்காங்க."

"தெரியுமா தெரியாதா?"

"நான் ஒரு நாள் பார்த்தேன். அம்மாகிட்டச் சொன்னேன். அம்மா அழுதுட்டாங்க. நான் விஷமா குடுக்கேன்னு கேட்டாங்க. என்ன செய்யச் சொல்லுதே? கேனைத்தான் ஒழுங்கா வாங்கிப் போட்டேன்லா..."

"முருங்கைக்கு." அவள் மூலையில் இருந்த கேனைக் காட்டினாள். "முருங்கைக்கு வாங்கிப் போட்டிருக்கீங்க. உங்க அம்மா அழக்கூடாது. உங்க அப்பா கத்தக்கூடாது. நான் நிம்மதியா இருக்கணும், அதுக்காக மூலையில ஒரு கேன். வீட்டுல எல்லாருக்கும் எல்லாம் சரியா நடந்திருக்கு. வாயில்லாதவ ஒருத்திதான் அத்தனையையும் குடிச்சிருக்கா."

"கொஞ்சம் நாள்தானே ரேணு..."

"டாக்டர் சொன்னதைப் பக்கத்துல நின்னு கேட்டீங்கல்லா? பட்டம் வாங்குனவருதானே நீங்க? மாமாவுக்குத் தெரியாது. அத்தைக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சுக்கிட்டு நேத்து ராத்திரி அந்த பாட்டிலை நீங்களே பிடிச்சு வாயில வச்சீங்க."

அவன் திட்டியிருந்தாலோ அடிக்கக் கை ஓங்கியிருந்தாலோகூட அவளுக்கு அவ்வளவு ஆத்திரம் வந்திருக்காது. அவன் கெஞ்சுவது போல நின்றான். அந்த நிற்பைப் பார்க்கவே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பரணிலிருந்து ப்ளீச்சிங் பவுடர் டப்பாவை இறக்கினாள். இரண்டு கண்ணாடி டம்ளரை எடுத்து வைத்தாள். ஒன்றில் கேன் தண்ணீர். இன்னொன்றில் பானைத் தண்ணீர். இரண்டும் ஒரே மாதிரி தெளிவாக இருந்தன.

"பாருங்க அத்தை. எந்த மருந்தும் எந்த மாயமும் இல்ல. நம்ம வீட்டுல கழிவறைக்குப் போடுத பவுடர்தான்."

இரண்டிலும் ஒரு சிட்டிகை போட்டுக் கலக்கினாள். வேன் டிரைவர் ஹாரன் அடித்தான். கேன் தண்ணீர் சுண்ணாம்பு கரைத்தது போலக் கலங்கி, தெளிய ஆரம்பித்தது. பானைத் தண்ணீர் முதலில் மஞ்சளித்தது. பிறகு டீத்தண்ணீர் நிறத்துக்கு வந்தது. மெல்ல மெல்ல அதில் கருந்துகள்கள் திரண்டு கீழே இறங்கின.

பாண்டியம்மாள் குனிந்து டம்ளருக்கு நேராகக் கண்ணை வைத்துப் பார்த்தாள்.

"சுண்ட வச்சேனே தாயி" என்றாள். "பாதியா வத்துத வரைக்கும் பக்கத்துலயே உக்காந்து சுண்ட வச்சேனே."

"நீங்க பிறந்தது வேப்பலோடைதானே அத்தை? உப்பளத்துல என்ன செய்யுதாவ? தண்ணியை வத்த விடுதாவ. வத்துனா உப்பு போயிருதா? தண்ணி போயிருது. உப்பு அங்கனயேதான் கிடக்கு."

உப்பள ஊர்க்காரிக்கு அதற்குமேல் யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பானையை எட்டிப் பார்த்தாள், உள்வளையத்தை விரலால் தேய்த்தாள். விரல் கருத்தது. அந்த விரலைச் சேலையில் துடைத்தாள். மறுபடி துடைத்தாள்.

"என்னட்டி அங்கன கூத்து? நல்ல நேரம் முடியப்போகுது!" கருத்தையா வாசலிலிருந்து கத்தினார். "குடத்தை எடு ரேணுகா!"

"நான் தொட மாட்டேன் மாமா."

"என்ன சொன்ன?"

"குடத்தை நான் தொட மாட்டேன்னு சொன்னேன். அத்தை எடுத்துட்டு வரட்டும். அந்தப் பிள்ளைக்கு அத்தையே குடுக்கட்டும். அவங்களால குடுக்க முடிஞ்சதுன்னா நான் வாயை மூடிக்கிடுதேன்."

பிளாஸ்கைத் தொட்டியில் கவிழ்த்துக் கழுவி, கேன் தண்ணீரைப் புதிதாகக் கொதிக்க வைத்து ஊற்றிக்கொண்டுதான் அவள் வேனில் ஏறினாள். அதுவரை வேன் நின்றது. கருத்தையா பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். பாண்டியம்மாள் குடத்தை மடியில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்தாள். வழியெல்லாம் வெயிலில் வெடித்துக் கிடந்த கரிசல் காட்டைப் பார்த்துக்கொண்டே வந்தாள். மேடு பள்ளத்தில் தண்ணீர் தளும்பி அவள் பட்டுச் சேலையை நனைத்தது. அதையும் அவள் துடைக்கவில்லை.

கடம்பூரில் பெண் வீட்டார் பந்தல் போட்டு, சூடாகப் போளி வைத்து உபசரித்தார்கள். பெண்ணின் பெயர் ஐஸ்வர்யா. ஒல்லியாக, கண்ணில் துறுதுறுப்போடு இருந்தாள். தட்டுகள் பரப்பியானதும் கருத்தையா எழுந்து பெருமையாகக் கிணற்றின் கதையைச் சொன்னார். பெண் வீட்டார் தலையாட்டினார்கள். ஐஸ்வர்யா முன்னால் வந்து இரண்டு கையையும் நீட்டினாள்.

பாண்டியம்மாள் டம்ளரில் தண்ணீர் ஊற்றினாள். நீட்டிய கைகளில் மருதாணி சிவந்திருந்தது. டம்ளர் பாதி தூரம் போய் நின்றது. பந்தலில் எல்லாரும் அந்த டம்ளரையே பார்த்தார்கள்.

பாண்டியம்மாள் அதைத் திரும்பக் குடத்திலேயே கொட்டினாள்.

"வேண்டாம் தாயி. இது பிள்ளை பெறப்போறவளுக்கு ஆகாது."

"ஏட்டி, ஒனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு?" கருத்தையா துள்ளி எழுந்தார்.

"ஆமா, கிறுக்குதான்!" பாண்டியம்மாளின் குரல் அப்படி உயர்ந்து ரேணுகா கேட்டதே இல்லை. "எம் பேத்திக்கு என் கையாலயே குடுத்திருக்கேன். சுண்டக் காய்ச்சிச் சுண்டக் காய்ச்சிக் குடுத்திருக்கேன். கிறுக்குப் பிடிக்காம என்ன செய்யும்? உங்க தாத்தா வெட்டுன கிணறுன்னு நீங்க வேணா குடிங்க. உங்களுக்கு என்ன, முளைச்சு முடிஞ்ச மூளைதானே!"

பந்தலில் யாரோ சிரித்தார்கள். பெண்ணின் அப்பா சிரிக்கவில்லை. ஜெயபாண்டியைப் பார்த்து, "என்ன மாப்பிள்ளை, என்ன விஷயம்? உரக்கடை வச்சிருக்கீங்க, நீங்க சொல்லுங்க" என்றார். ஜெயபாண்டி எழுந்தான், பந்தல் காலைப் பிடித்தான். சொல் வரவில்லை. ரேணுகா அவனுக்குக் கொஞ்ச நேரம் கொடுத்துப் பார்த்தாள். பிறகு அவளே எழுந்து நின்று, யாரும் கொட்டாமல் பூமியிலிருந்தே வருகிற அந்த உலோகத்தைப் பற்றி, பாட்டில் பால் பற்றி, ப்ளீச்சிங் பவுடர் பற்றி, ஒன்றுவிடாமல் சொன்னாள்.

ஐஸ்வர்யா நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள். "அப்ப நான் அங்கன வந்தா எந்தத் தண்ணியைக் குடிக்க மதினி?"

"நல்லாக் கேட்ட" என்றாள் ரேணுகா. "கேட்டுக்கிட்டே இரு."

"குழாய்த் தண்ணி வருது" என்று விஜயராஜ் அவசரமாகச் சொன்னான். "நான் பிடிச்சுத் தாரேன்."

பெண்ணின் அப்பா பையனை நல்லவன் என்றுதான் சொன்னார். ஆனால் தட்டு மாற்றவில்லை. வீட்டில் குடிக்கவும் சமைக்கவும் வேறு தண்ணீருக்கு வழி செய்துவிட்டு வாருங்கள், அப்புறம் தேதி குறிக்கலாம் என்றார். கருத்தையா துண்டை உதறிக்கொண்டு வேனில் போய் ஏறினார்.

ரேணுகா வேனில் ஏறவில்லை. பாப்பாவையும் பையையும் எடுத்துக்கொண்டு, வாசலில் ஒரு ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தினாள். ஜெயபாண்டி ஓடிவந்தான்.

"எங்க போறே?"

"புதியம்புத்தூருக்கு."

"ரேணு, இனிமேல் நானே பாட்டில் கலக்குதேன். எம் மேல சத்தியமா..."

"உங்க கலக்கல் எனக்கு வேண்டாம். தெருவுல வீடு வீடாப் போகணும் நீங்க. உங்க வாயால சொல்லணும். தண்ணியில என்ன இருக்குன்னு மட்டும் இல்ல, உங்களுக்கு எப்பத் தெரியும்ங்கிறதையும் சேத்துச் சொல்லணும். அது வரைக்கும் அந்த வீட்டுக்கு நான் வர மாட்டேன்."

"இசக்கியம்மா சித்தி என்னைக் கொன்னுருவா."

"கொல்லட்டும்" என்றாள் ரேணுகா. ஆட்டோ கிளம்பியது. அவன் பட்டு வேட்டியோடு நடுரோட்டில் நின்றதைக் கண்ணாடியில் பார்த்தாள். இரக்கம் வந்தது. அந்த இரக்கத்தின் மேலேயே அவளுக்குக் கோபம் வந்தது.

மறுநாள் காலையில் அப்பா வீட்டில், பாப்பாவுக்குக் கேன் தண்ணீரில் கலக்கிய பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. ஜெயபாண்டி. எடுத்தாள். அவன் ஹலோ சொல்லவில்லை. துணி உரசுகிற சத்தம் கேட்டது. போனைச் சட்டைப் பைக்குள் போட்டிருக்கிறான். கிணற்றடிச் சத்தம் வந்தது, வாளி மோதுவது, பெண்கள் பேச்சு. பிறகு அவன் குரல், தயங்கித் தயங்கி, தண்ணீர், மாங்கனீசு, லேப் என்று சொல்லிக்கொண்டே போனது. பேச்சுச் சத்தம் அடங்கியது.

"எப்பலே தெரியும் ஒனக்கு?" அது இசக்கியம்மாள்.

"...முன்னாடியே தெரியும் சித்தி. உங்க மக வந்து இறங்குன வாரமே தெரியும்."

"தெரிஞ்சுக்கிட்டா தினமும் குடத்தைத் தூக்கி எம் இடுப்புல வச்ச?"

"ஆமா சித்தி."

ஏதோ ஒன்று கல்லில் மோதி உருண்டது. குடமாக இருக்கும். அப்புறம் இசக்கியம்மாள் ஆரம்பித்தாள். அவன் படிப்பில் தொடங்கி, கடையைத் தொட்டு, மீசைக்கு வந்து, நல்லா இருப்பலே என்று தான் சொன்ன ஒவ்வொரு நாளையும் திருப்பித் தரச் சொல்லிக் கேட்டாள். நடுவில் இன்னொரு பெண்ணின் குரலும் சேர்ந்துகொண்டது. அதற்குள்ளே எங்கோ பாண்டியம்மாளும், "கேளுங்கட்டி, நல்லாக் கேளுங்க, என்னையும் சேத்துக் கேளுங்க" என்று அழுதுகொண்டே சொன்னாள்.

ரேணுகா போனை ஸ்பீக்கரில் போட்டுத் தொட்டில் பக்கத்தில் வைத்தாள். பாப்பா சப்புவதை நிறுத்தி, அந்தச் சத்தம் வந்த திசையில் கண்ணை உருட்டிப் பார்த்துவிட்டு, மறுபடி சப்ப ஆரம்பித்தாள். பாட்டில் காலியாகும் வரை கிணற்றடியில் சண்டை ஓயவில்லை.

கடைசியில் துணி உரசியது. அவன் குரல் கம்மிப்போய்ப் பக்கத்தில் கேட்டது.

"ரேணு. கேட்டியா?"

"கேட்டேன்" என்றாள் அவள். "மேலத் தெருவுக்கும் போங்க."